மெல்லிய கணினியின் நினைவகத்தைக் காத்தல்

பள்ளிக் கணினி அறைகள் சிலவற்றில், திரையின் பின்னால் புத்தக அளவே உள்ள சிறு பெட்டியொன்று பொருத்தப்பட்டிருக்கக் காணலாம். அதனைத் 'தின் கிளையண்ட்', அதாவது மெல்லிய கணினி என்பர். கடினமான வேலைகளை வேறோர் இடத்திலுள்ள தலைமைக் கணினி செய்யும்; இப்பெட்டி நாம் தட்டும் எழுத்துகளை அங்கே அனுப்பி, அங்கிருந்து வரும் காட்சியைத் திரையில் காட்டும்.

இப்பெட்டிகள் பலவற்றில், இயங்கத் தொடங்குவதற்கு வேண்டிய மென்பொருள், 8 அல்லது 16 கிகாபைட் அளவுள்ள 'ஃபிளாஷ்' நினைவகத்தில் இருக்கும். அதன் நுண்ணறைகளில் எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் காப்புப் படலம் சிறிது தேய்கிறது. ஓர் அறையில் ஒரு பிட் மட்டும் வைக்கும் உயர்ந்த வகை ஏறத்தாழ 100,000 முறை தாங்கும். மூன்று பிட் வைக்கும் மலிவான வகையோ சில ஆயிரம் முறைகளே தாங்கும்.

ரப்பர் மரம் சீவும் நம் பெற்றோருக்கு இது புதிதன்று. ஒவ்வொரு சீவலிலும் மெல்லிய பட்டை போகிறது, பட்டைக்கோ அளவுண்டு. மரப்பட்டையாவது சில ஆண்டுகளில் மீண்டும் வளரும்; ஃபிளாஷுக்கு அந்தப் பேறு இல்லை.

நாம் ஒன்றும் எழுதவில்லையே என எண்ணலாம். நாம் வெறுமனே படித்துக் கொண்டிருக்கும்போதும் கணினி நிகழ்ச்சிக் குறிப்புகளையும், தற்காலிகக் கோப்புகளையும், கோப்பைத் திறந்த நேரத்தையும் ஓயாது எழுதிக் கொண்டேயிருக்கும். இவற்றுள் பெரும்பாலானவை நமக்கு வேண்டாதவை.

இதனைத் தடுக்கவே 'எழுத்து வடிகட்டி' தோன்றியது. அச்சிட்ட வரைபடத்தின் மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்துக் கோடு வரைகிறோம் அல்லவா? வரைபடம் கறைபடுவதில்லை. அவ்வாறே எழுதப்படுவன யாவும் ரேம் நினைவகத்திற்குத் திருப்பப்படுகின்றன. கணினி ஒன்றைப் படிக்கும்போது முதலில் ரேமில் தேடும்; அங்கில்லாததை ஃபிளாஷிலிருந்து எடுக்கும். மின்சாரம் நின்றதும் மேல்தாள் மறைந்துவிடும். மறுநாள் கணினி பழைய நிலையிலேயே எழும். திடீரென மின்சாரம் தடைப்பட்டாலும் பாதி எழுதிய கோப்பால் மென்பொருள் கெடும் அச்சம் மிகவும் குறைகிறது. விண்டோஸ் 10-இல் இதற்கு 'யூனிஃபைடு ரைட் ஃபில்டர்' உண்டு. லினக்ஸில் 2014-இல் சேர்க்கப்பட்ட 'ஓவர்லே' முறை இதற்குப் பயன்படுகிறது.

இங்கேதான் மாணவர் விழிப்பாயிருத்தல் வேண்டும். வடிகட்டிக்கு நம் கட்டுரையும் வேண்டாத குறிப்பும் ஒன்றே. கட்டுரையை அப்பெட்டியிலேயே சேமித்துச் சென்றால், மறுநாள் அது இராது, தேடியும் பயனில்லை. தலைமைக் கணினியில் நமக்கென உள்ள கோப்புறையிலேயே சேமித்தல் வேண்டும்.

ரேமும் எல்லையற்றதன்று. விண்டோஸ் வடிகட்டி, மாற்றாவிடில், 1024 மெகாபைட் மட்டுமே இதற்கு ஒதுக்கும். அது நிறைந்தால் எழுத இடமின்றிக் கணினி தடுமாறும். நாள்தோறும் அணைத்து மீண்டும் இயக்குவதே வழி. புதிய மென்பொருளைப் பதிக்க வேண்டுமாயின், பொறுப்பாசிரியர் வடிகட்டியை நிறுத்தி, கணினியை மறுபடி இயக்கி, பதித்து முடித்தபின் வடிகட்டியை மீண்டும் இட்டு, இன்னொரு முறை இயக்குவார்.