காப்பு நகல் காப்பாற்றுமா?

ஏட்டுச்சுவடிக் காலத்தில் ஓலை செல்லரித்துப் போகுமுன் அதனைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதி வைத்தனர் நம் முன்னோர். பெயர்த்தெழுதியவை பிழைத்தன, மற்றவை மண்ணோடு மண்ணாயின. இன்று அப்பணியைக் கணிப்பொறி தானே செய்கிறது. ஆனால், செய்ததா என்று பார்க்கும் பணி நம்முடையதே. இதனை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

மதுரையில் ஒரு தட்டச்சு நிலையத்தில் பகுதிநேர வேலை பார்த்தேன். அங்கே ஆறு கணிப்பொறிகள் ஒரே வலைப்பின்னலில் இணைக்கப்பட்டிருந்தன. நாள்தோறும் இரவு 2 மணிக்குக் கோப்புகள் யாவும் வேறொரு கணிப்பொறியில் நகலாகும்படி நானே ஏற்பாடு செய்தேன். மூன்று மாதங்களுக்குப்பின் ஒரு ஹார்டு டிஸ்க் பழுதாயிற்று. நகலைத் தேடினால், முதல் நாள் சோதனைக்காக நான் எடுத்தது மட்டுமே இருந்தது. காரணம் மிக எளியது. இரவு 9 மணிக்குக் கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள்! ஓர் ஆய்வு மாணவியின் ஆய்வேட்டில் இரண்டு இயல்கள் போயின. அந்த அக்கா என்னை ஒரு சொல்லும் கடியவில்லை; கைப்பிரதியை மறுபடியும் கொண்டுவந்து கொடுத்தார். அதுவே எனக்குப் பெரிய தண்டனை.

நேரம் குறித்தல்

லினக்ஸில் உள்ள 'கிரான்', தவறிப்போன வேலையைப் பிறகு செய்வதில்லை. 'அனக்ரான்' என்பதோ கணிப்பொறி மீண்டும் இயங்கியதும் செய்துவிடும். விண்டோஸின் 'டாஸ்க் ஷெட்யூலர்' நிரலில், தவறிய பணியை இயன்றவுடன் தொடங்கச் சொல்லும் வசதி உண்டு. அதை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதையும் கணக்கிட வேண்டும். 100 மெகாபிட் வலைப்பின்னலில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் செல்லாது. 100 ஜிகாபைட் செல்லக் குறைந்தது 8,000 நொடி, அதாவது ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம் ஆகும். எனவே முழு நகலை வாரம் ஒருமுறையும், மாறிய கோப்புகளை மட்டும் நாள்தோறும் எடுப்பதே நன்று.

பழுது காணல்

நகல் வரவில்லையெனில் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் இரு கணிப்பொறிகளும் இயங்கினவா? நகல் சேருமிடத்தில் இடம் உள்ளதா? பாஸ்வேர்டு அண்மையில் மாற்றப்பட்டதா? டிரைவ் எழுத்தை நம்பியிருக்கிறோமா? வலைப்பின்னல் டிரைவின் எழுத்து, பயனர் உள்நுழைந்திருக்கும்போது தெரியும். ஆளில்லா நேரத்தில் ஓடும் பணிக்குத் தெரியாமற்போகலாம். கணிப்பொறியின் பெயரோடு முழுப் பாதையையும் எழுதுவதே பாதுகாப்பு.

பெரிய நிறுவனங்களும் இதில் இடறியுள்ளன. 2017 சனவரி 31 அன்று, கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளைத் தவறுதலாக அழித்துவிட்டார். நாள்தோறும் எடுக்கப்பட்டதாக நம்பிய நகல்கள் அங்கே இல்லை. மென்பொருட் பதிப்பு பொருந்தாமல் அப்பணி தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் சென்று சேரவில்லை. வேறொரு சோதனைக்காக ஏறத்தாழ 6 மணி நேரம் முன்பு எடுத்த நகலே அவர்களைக் காத்தது.

ஓரிடத்தில் வேண்டா

நகலும் மூலமும் ஒரே கூரையின்கீழ் இருப்பின் ஒரு தீ இரண்டையும் விழுங்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத சுவடியை மீட்க இயலுமோ? மாறாக, நம் ஊரின் பெயர் தாங்கி 1998 பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' தமிழ் நூல்களை மின்னுருவாக்கி எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளத் தந்தது. அவை இன்று பல நாட்டுக் கணிப்பொறிகளில் வாழ்கின்றன.

மாணவ நண்பர்களே! மூன்று படிகள், அவற்றுள் ஒன்றேனும் வேறிடத்தில், வலைப்பின்னலில் இணையாமல் இருக்கட்டும். மாதம் ஒருமுறை நகலிலிருந்து ஒரு கோப்பையேனும் மீட்டுத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல் வெறும் நம்பிக்கையே, நகலன்று.