வரப்பில் ஆவாரை, செடியில் கத்தரிக்காய்

வங்கி வேலையில் ஓய்வு பெற்று, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே நிலம் வாங்கியதும் நான் செய்த முதல் வேலை, வேலியோரம் ஆளுயரம் நின்ற ஆவாரையை வேரோடு தோண்டியதுதான். நிலம் சுத்தமா இருக்கணும்னு நினைப்பு! அடுத்து வைத்த கத்தரி நன்றாகப் பூத்தது; காய்ப்பு சுமார்தான். தேனீப் பெட்டி வைத்தேன். தேனீக்கள் முருங்கைக்கும் தென்னைக்கும் போயின. கத்தரி அப்படியேதான் இருந்தது.

காரணம் பூவின் அமைப்பு. கத்தரியின் மகரந்தப்பை மிளகுத்தூள் டப்பா மாதிரி. நுனியில் மட்டும் சிறு துளை. பூவைக் கவ்விப் பிடித்து உடம்பை அதிரவைத்தால்தான் தூள் கொட்டும். பெட்டித் தேனீக்கு இது வராது. கட்டையில் ஓட்டை போடும் கருவண்டும், வயிற்றில் நீலப்பட்டை கொண்ட தேனீயும் செய்யும். பூ உதிர வெயிலும் ஒரு காரணம்தான். காற்றிலும் ஓரளவு காய் பிடிக்கும். ஆனால் வண்டு வந்தால் காய்ப்பு கூடும்.

ஆவாரம்பூவுக்கும் இதே அமைப்பு. கத்தரி சில மாதப் பயிர். ஆவாரை பல ஆண்டு நிற்கும். கத்தரி இல்லாத காலத்திலும் வண்டை நம் நிலத்திலேயே தங்க வைப்பது அதுதான்.

வளர்க்கும் முறை:

விதை: தோல் கெட்டி. கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதைமேல் ஊற்றி, ஓர் இரவு ஊறவிடுங்கள்.

நடவு: வடகிழக்கு மழைக்கு முன், வேலியோரம் 3 அடிக்கு ஒரு குழி, குழிக்கு 3 விதை, அரை அங்குல ஆழம். வேர் பிடித்தபின் தண்ணீர் தேவையில்லை. ஆடு மாடு பெரும்பாலும் கடிக்காது.

கவாத்து: மொத்தமாக வெட்டாதீர்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டினால் எப்போதும் கொஞ்சம் பூ இருக்கும். வெட்டிய தழை வயலுக்கு உரம்.

துணை: ஆவாரையிலும் கத்தரியிலும் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. ஆகவே எருக்கையும் துளசியையும் விட்டுவையுங்கள். கருவண்டு கூடு கட்ட, காய்ந்த மரக்கட்டை ஒன்றிரண்டு கிடக்கட்டும்.

எச்சரிக்கை: ஆவாரை இலையைத் தின்னும் பச்சைப் புழு வண்ணத்துப்பூச்சியாகும், கத்தரிக்கு வராது. மூலிகைக் கரைசலானாலும் காலையில் அடிக்காதீர்கள், மாலையில் அடியுங்கள்.

தோண்டிய இடத்திலேயே திரும்ப விதைத்தேன். இரண்டாம் வருடம் பூத்தது. இப்போது காலையில் கத்தரிப் பாத்தியில் நின்றால் 'ங்ங்' என்று ரீங்காரம் கேட்கிறது. உங்கள் பாத்தியிலும் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். சத்தமே இல்லையென்றால், முதலில் வரப்பைப் பாருங்கள்.