பொசிஷன் வைத்தால் பலம் கூடுமா?

'பழைய டிராக்டருக்கு பொசிஷன் கண்ட்ரோல் வைத்தால் லிப்ட் தூக்கும் பலம் கூடும்.' கேரளத்தில் அம்பூரி முதல் பாறசாலை வரையிலும், எல்லை தாண்டினால் தமிழகத்தின் களியக்காவிளையிலும் இந்தப் பேச்சு ஓய்வதாக இல்லை. வண்டி கைமாற்றும் தரகர் சொன்னால் அது வியாபாரம் என்று விட்டுவிடலாம். பட்டறையில் கையில் கிரீஸோடு நிற்கும் ஆசானே சொல்லும்போதுதான் எரிச்சல் வருகிறது. வாழைக்கும் மரச்சீனிக்கும் வயல் உழ வைத்திருக்கும் வண்டியில் 'கொஞ்சம் கூடுதல் பாரம் தூக்கணும்' என்று பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். வேலை முடிந்து வந்தால் அதே வண்டி, அதே பலம்.

ஒரு ஹைட்ராலிக் லிப்ட் எவ்வளவு தூக்கும் என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: எண்ணெயின் அழுத்தம், சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனின் பரப்பு, லிப்ட் கைகளின் நீள அமைப்பு. அழுத்தத்துக்கு உச்ச வரம்பு வைப்பது ரிலீஃப் வால்வு. அந்த வரம்பு வந்ததும் அது திறந்து எண்ணெயை வெளியே விட்டுவிடும். அதற்கு மேல் கை ஒரு அங்குலம்கூட ஏறாது. பொசிஷன் கண்ட்ரோல் இந்த மூன்றில் எதையும் தொடுவதில்லை. பம்ப் மாறவில்லை, பிஸ்டன் மாறவில்லை, கை மாறவில்லை. பிறகு பலம் மட்டும் எங்கிருந்து வரும்?

பொசிஷன் கண்ட்ரோல் செய்யும் வேலை ஒன்றே ஒன்று. லிவரைக் கொஞ்சம் நகர்த்தினால் வால்வு திறந்து சிலிண்டருக்கு எண்ணெய் போகும், லிப்ட் கை ஏறும். ஏறுகிற கையே ஒரு கம்பி வழியாகவோ கேம் வழியாகவோ அந்த வால்வைத் திரும்ப மூடிவிடும். கை நீங்கள் வைத்த இடத்தில் நிற்கும். இறக்கும்போதும் இதே கணக்குதான். வீட்டு மேல்தொட்டியில் மிதவை வால்வு மாட்டினால் தண்ணீர் குறித்த மட்டத்தில் நிற்கும். அதற்காகக் கிணற்று மோட்டாருக்குக் குதிரைத் திறன் கூடிவிடுமா?

பழைய வண்டிகளில் இது ஏன் இல்லை என்பதற்குக் காரணம் உண்டு. பொறியாளர் ஹாரி பெர்குசன் கலப்பையை மனதில் வைத்துத்தான் தன் லிப்டை அமைத்தார். மண் இறுகினால் கலப்பை, தன்னை வண்டியோடு மேலே பிணைக்கும் டாப் லிங்க்கை முன்னே தள்ளும். அந்தத் தள்ளல் ஸ்பிரிங்கை அழுத்தி வால்வை நகர்த்தும். கலப்பை சற்று மேலே வரும். இதுதான் டிராஃப்ட் கண்ட்ரோல். அந்த லிப்டோடு 1939-ல் வந்த போர்டு 9என் இப்படித்தான் வேலை செய்தது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 5 லட்சத்துக்கு மேல் தயாரான பெர்குசன் டிஇ20-யும் அப்படித்தான். கலப்பைக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் ரப்பர் வரிசைகளுக்கு நடுவே புல் வெட்டும் ஸ்லாஷரை மாட்டிப் பாருங்கள். அது டாப் லிங்க்கைத் தள்ளாது. அதனால் ஒன்று தரையில் கிடக்கும், இல்லையென்றால் உச்சிக்குப் போய்விடும். இடையில் ஒரு உயரத்தில் நில் என்றால் நிற்காது. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் போர்டு 1947-ல் 8என் வண்டியிலும், பெர்குசன் 1956-ல் இங்கிலாந்தில் வந்த 35-லும் பொசிஷன் கண்ட்ரோலைக் கொடுத்தார்கள். ஸ்லாஷர், லெவலர், குழி தோண்டும் கருவி வைத்திருப்பவருக்கு உண்மையிலேயே தேவையான சமாச்சாரம். நான் பொசிஷன் கண்ட்ரோலுக்கு எதிரி இல்லை, பொய்க்குத்தான் எதிரி.

'இல்லை சார், வச்ச பிறகு நல்லாத் தூக்குது' என்று சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் பொய் சொல்லவில்லை. உள்ளே வேலை செய்ய லிப்டின் மேல் மூடியைக் கழற்றுவார்கள். கழற்றிய கையோடு சிலிண்டரின் ஓ ரிங், பிஸ்டன் ரிங் எல்லாம் மாற்றுவார்கள். சேறாகிப்போன பழைய எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதியதை ஊற்றுவார்கள், வடிகட்டியைக் கழுவுவார்கள். கசிந்துகொண்டிருந்த எண்ணெய் அடைபட்டதும் வண்டி தன் பழைய பலத்தைத் திரும்பப் பெறுகிறது. அந்தப் பெருமை ஓ ரிங்குக்குப் போக வேண்டியது. பக்கத்தில் மாட்டிய பளபளப்பான கம்பி வாங்கிக்கொண்டு போகிறது.

கசிவைச் சரிசெய்யாமல், வெளியே இருந்து லிவருக்கும் லிப்ட் கைக்கும் ஒரு கம்பியை மட்டும் பூட்டினால் நடப்பதைப் பாருங்கள். கல்டிவேட்டரை மாட்டி, பாதி உயரத்துக்குத் தூக்கி, இன்ஜினை மெல்ல ஓடவிட்டு, கையின் நுனியைக் கவனியுங்கள். ஒரு விரல் அளவு இறங்கும். சட்டென்று ஒரு குலுக்கலோடு ஏறும். மறுபடி இறங்கும், மறுபடி ஏறும். கசிவால் கை இறங்க, பொசிஷன் கண்ட்ரோல் அதைக் கண்டு வால்வைத் திறக்க, பம்ப் தூக்க, நாள் முழுக்க இதே தலையாட்டல். பம்ப்தான் தேயும். 'பொசிஷன் சரியா செட் ஆகல' என்று அந்தக் கம்பியின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு நிற்பார்கள். கோளாறு கம்பியில் இல்லை, சிலிண்டரில்.

இதைவிட வேடிக்கை, ஏற்கெனவே இருப்பதற்கே பணம் கொடுப்பது. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மூலம் நம் பக்கம் பரவிய மாசி பெர்குசன் 35 குடும்ப வண்டிகளில் பொசிஷன் கண்ட்ரோல் பிறவியிலேயே உண்டு. சீட்டின் பக்கத்தில் இரண்டு லிவர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று உடைந்து போயிருக்கலாம், துருப்பிடித்து இறுகியிருக்கலாம், உள்ளே இணைப்பு தேய்ந்திருக்கலாம். சரிசெய்யச் சொல்லுங்கள், புதிதாக வைக்கச் சொல்லாதீர்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

'பொசிஷன் வைத்தால் கிளட்சை மிதித்தாலும் லிப்ட் வேலை செய்யும்.' செய்யாது. டிஇ20 போன்ற ஒற்றைக் கிளட்ச் வண்டியில் பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பிடிஓ தண்டுதான் பம்பையும் சுழற்றுகிறது. கிளட்சை மிதித்தால் பம்பும் நின்றுவிடும். அதற்கு இரட்டைக் கிளட்ச் வேண்டும்.

'உழவுக்கும் பொசிஷனே நல்லது, ஆழம் ஒரே சீராக வரும்.' மட்டமான வயலில் ஓரளவு சரி. அம்பூரி மாதிரி மேடு பள்ளத்தில் முன் சக்கரம் மேடேறினால் பின்னால் கலப்பை புதையும், பள்ளத்தில் இறங்கினால் கலப்பை மேலே வந்துவிடும். உழவுக்கு டிராஃப்ட்தான்.

'சங்கிலி கட்டினாலே போதும்.' இது கிட்டத்தட்ட உண்மை. கருவி குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இறங்காமல் இருபுறமும் சங்கிலி போட்டுத் தாங்குவது பழைய வழி. புல் வெட்ட மட்டும்தான் வண்டி என்றால் இதைச் செய்துவிட்டு மிச்சப் பணத்தை வீட்டில் வையுங்கள்.

'பொசிஷனில் நிறுத்திய கருவி கீழே விழாது, அடியில் போய் பிளேடு மாற்றலாம்.' கூடவே கூடாது. இன்ஜின் நின்றதும் அந்த எடையைத் தாங்குவது ஒரு ரப்பர் வளையம். முட்டுக்கொடுக்காமல் அடியில் தலையை நுழைக்காதீர்கள்.

பலம் கூடிவிட்டது என்று நம்பும் ஆள் அடுத்து செய்வதுதான் என் பெரிய கவலை. லிப்ட் கை பாதி உயரத்தில் நிற்கிறதல்லவா, அதில் சங்கிலியைக் கட்டி வெட்டிய ரப்பர் தடியை ஏற்றத்தில் இழுக்கிறார். இழுக்கும் புள்ளி உயர உயர முன் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். வண்டி பின்பக்கமாகக் கவிழ ஒன்றிரண்டு விநாடி போதும். ஓட்டுபவருக்குக் குதிக்க நேரம் கிடையாது. தடியை இழுப்பதென்றால் தாழ்வான டிராபாரில் மட்டும்தான் கட்ட வேண்டும். கூடவே தலைக்கு மேல் பாதுகாப்புச் சட்டமும் இடுப்பில் பெல்ட்டும் வேண்டும். புதிய டிராக்டர்களுக்கு இந்தச் சட்டம் கட்டாயம் என்று ஸ்வீடன் 1959-லேயே சொல்லிவிட்டது. நம் மலையோரத்தில் இன்றும் ஓட்டுபவருக்கு மேலே வெயிலுக்கு ஒரு தகர ஷீட்தான். அதைப் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பவரும் உண்டு. தெருமுனை வெல்டிங் கடையில் பைப்பை வளைத்து ஒட்டுவதும் உதவாது. பின் ஆக்ஸிலில் போல்ட் போட்டுப் பூட்டும், சோதனை செய்த சட்டமாக இருக்க வேண்டும். பழைய மாடல்களுக்கும் பொருந்தும் சட்டங்களை நிறுவனங்கள் செய்து விற்க வேண்டும். புது டிராக்டருக்கும் ரொட்டவேட்டருக்கும் மானியம் கொடுக்கும் இரு மாநில வேளாண் துறைகளும் இதற்கும் கொடுக்க வேண்டும். உங்கள் ஊர் கிருஷி பவனுக்கோ வேளாண் அலுவலகத்துக்கோ போகும்போது இதைக் கேளுங்கள். கேட்காமல் ஒன்றும் வரப்போவதில்லை.