எட்டயபுரத்து விழாக்களும் கரிசற்பூமியும்

கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எட்டயபுரத்தில், ஆண்டுதோறும் கலைவாணர் இருவருடைய நாட்கள் கொண்டாடப்படுகின்றன. ஒன்று, தீபாவளியன்று வரும் முத்துஸ்வாமி தீட்சிதர் ஆராதனை. மற்றொன்று, டிசம்பர் 11-ஆம் தேதி நிகழும் பாரதியார் பிறந்தநாள். ஆறு பாயாத இவ்வறண்ட நிலத்திலே இசைக்கும் கவிதைக்கும் இத்தகைய விழாக்கள் எவ்வாறு வந்து வாய்த்தன என்பதையும், அவற்றால் நம் போன்ற மாணவர்க்கு ஆவது யாது என்பதையும் சிறிது ஆராய்வோம்.

நம் பக்கத்து விழாக்கள் பெரும்பாலும் வேளாண்மையை ஒட்டியே அமைந்தவை. கரிசலில் மழை வருவது ஐப்பசி கார்த்திகையில். புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பதும், தைக்குப் பின் கம்பையும் சோளத்தையும் பருத்தியையும் வீடு சேர்ப்பதும் இங்குள்ளார் வழக்கம். ஆகவேதான் கோவில்பட்டி செண்பகவல்லியம்மன் கோயிலின் பங்குனிப் பெருவிழாவுக்கு மக்கள் திரள்கின்றனர்; அப்போது கையிலே சிறிது பொருளும் உண்டு, ஓய்வும் உண்டு. தீட்சிதர் நாளோ இக்கணக்குக்கு உட்பட்டதன்று. 1835-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், நரக சதுர்த்தசியன்று, அவர் எட்டயபுரத்தில் மறைந்தார். ஆகவே, உழவன் களையெடுப்பிலும் மழைக் கவலையிலும் இருக்கும் ஐப்பசியிலேயே அவ்விழா வருகிறது.

தீட்சிதர் பிறந்தது 1775-இல், சோழ நாட்டுத் திருவாரூரில். காவிரிக் கரையினர் கரிசலுக்கு வந்ததற்குக் காரணம், அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் எட்டயபுர அரசரின் ஆதரவில் வாழ்ந்தமையே. ஐரோப்பியரிடமிருந்து பிடில் வாத்தியத்தைக் கற்று நம் சங்கீதத்துக்கு இசைவித்த முன்னோடிகளுள் இப்பாலுஸ்வாமியும் ஒருவர். தமையனார் எட்டயபுரத்துக்கு வரும் வழியில், வெடித்துக் கிடந்த நிலத்தையும் வாடிய பயிரையும் கண்டு மனமிரங்கி, அமிர்தவர்ஷிணி ராகத்தில் ‘ஆனந்தாம்ருதாகர்ஷிணி’ என்ற கீர்த்தனத்தைப் பாடினார் என்றும், உடனே மழை பொழிந்தது என்றும் கர்ணபரம்பரையாகக் கூறுவர். அக்கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் ஐந்தே சுரங்கள் கொண்ட ஒரு ராகத்திற்கு நம் கரிசலின் தாகம் காரணமாகச் சொல்லப்படுவது நமக்குப் பெருமையே அன்றோ!

இனி, விழாவைவிடப் பெரிதென யான் கருதும் செய்தி ஒன்றுண்டு. பாலுஸ்வாமி தம் மகள் வயிற்றுப் பேரரான சுப்பராம தீட்சிதரைத் தத்தெடுத்து வளர்த்தார். குடும்பத்தார் நினைவிலும் ஏடுகளிலும் மட்டுமே இருந்த கீர்த்தனங்களைச் சுரக்குறிப்புடன் அச்சிடவேண்டும் என்று இச்சுப்பராம தீட்சிதரைத் தூண்டியவர் சின்னஸ்வாமி முதலியார் என்னும் கிறிஸ்தவர். நம் இசையை ஐரோப்பியக் குறியீட்டில் எழுதி வெளியிடுவதில் தம் பொருளையும் கண்ணொளியையும் செலவிட்டவர் அவர். எட்டயபுர அரசரின் உதவியால் 1904-ஆம் ஆண்டு அவ்வூரிலேயே ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ தெலுங்கில் அச்சேறிற்று. தீட்சிதரின் கீர்த்தனங்கள் இருநூற்றுக்கு மேல் அதனால் நிலைபெற்றன. அந்நூல் இல்லையேல், இன்று ஆராதனையில் பாடுதற்குரியவற்றுள் எத்தனை எஞ்சியிருக்கும்?

அதே 1904-இல்தான், அதே அரண்மனையில் பணிபுரிந்த சுப்பிரமணிய பாரதி அதனை விட்டு நீங்கி, மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராயிருந்து, பின்னர் சென்னை சேர்ந்தார். ஓர் அரண்மனை ஒரே ஆண்டில் ஒரு பெருநூலைப் பெற்று ஒரு பெருங்கவிஞரை இழந்தது. இதற்காக அரசரை இகழவேண்டுவதில்லை. பழைய சபைக்குப் பழைய கலையைப் போற்றத் தெரிந்திருந்தது, அவ்வளவே.

பாரதிக்குச் செய்யவேண்டியதைப் பின்னர் மக்களே செய்தனர். ‘கல்கி’ ஆசிரியர் தம் பத்திரிகை வாயிலாக விடுத்த வேண்டுகோளுக்கு வாசகர் பலர் சிறு சிறு தொகையாக அனுப்பிய பணங்கொண்டு எழுந்ததே எட்டயபுரத்து மணிமண்டபம். 1945-இல் அதற்கு அடிக்கல் நாட்டிய ராஜாஜியே, 1947 அக்டோபரில், மேற்கு வங்க கவர்னராக இருந்தபோது வந்து அதனைத் திறந்துவைத்தார். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன் முறையை ஒழித்தது. கலையைக் காக்கும் கடமை அரண்மனை வாயிலைக் கடந்து தெருவுக்கு வந்துவிட்டது.

கடமை தெருவுக்கு வந்தபின் நேரும் இடையூறும் ஒன்றுண்டு. இங்கிலாந்தில் 1769-ஆம் ஆண்டு டேவிட் காரிக் என்னும் நடிகர், ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்போர்டில் மூன்று நாள் விழா எடுத்தார். விருந்தும் பாட்டும் பீரங்கி முழக்கமும் நிகழ்ந்தன. ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றேனும் நடிக்கப்படவில்லை! பெருமழை பெய்து ஏவன் ஆறு பெருக, ஊர்வலமும் நின்றது. நாம் மழைக்கு ஏங்குகிறோம். அவர்கள் மழையால் கெட்டார்கள். மழை போகட்டும், நாடகமில்லாத நாடகாசிரியர் விழா நமக்கும் ஓர் எச்சரிக்கையாகத் தோன்றுகிறது. மாலையிட்டு, சொற்பொழிவு கேட்டு, கவியின் ஒரு பாடலையேனும் முழுதும் படியாமல் வீடு திரும்புதல் அங்கு மட்டுமா நிகழ்வது?

தீபாவளியன்று வேறொரு தொல்லையும் உண்டு. தீக்குச்சியாலும் பட்டாசாலும் பிழைக்கும் நம் சீமையிலே அன்று விடியுமுன்பே வெடிச் சத்தம் தொடங்கிவிடும். வீணையை அதனிடையே கேட்பது அரிது. ஆதலின் தீட்சிதரைக் கற்பதற்கு அவ்வொரு நாள் போதாது. சுப்பராம தீட்சிதர் நூலின் தமிழ்ப் பதிப்பைச் சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டமையால், தெலுங்கறியாதார்க்கும் இப்போது தடையில்லை. இசையில் விருப்பமுடைய மாணவர் நால்வர் கூடி, ஆண்டுக்கு ஒரு கீர்த்தனத்தைச் சுரம் பிசகாமல் பாடம் செய்து, எட்டயபுரத்துக் குளக்கரையிலுள்ள சமாதியில் பாடிவரலாம். பாரதி நாளுக்கு ‘பாஞ்சாலி சபத’த்தை முழுதும் படித்துச் செல்லலாம். செலவு மிகச் சிறிது. ஆயின் ஐப்பசி மழை இறங்கிவிட்டால் கரிசற் பாதையில் சைக்கிள் சக்கரம் நகராது; பயிற்சிக்காக ஊர்விட்டு ஊர் வருவோர் புரட்டாசியிலேயே தொடங்கிவிடுவது நலம்.