பொட்டல்காட்டில் ஒரு கொல்லிமலை

புதுக்கோட்டைச் சீமையில் மலையே கிடையாது, உள்ளதெல்லாம் பாறைக் குன்றுகள்தாம். ஆகவே குட்டி விமானத்துக்குச் சொந்த ஓடுதளம் போட, பொட்டலைச் சமப்படுத்தினாலே போதும். உயரத்தைப் பற்றிய கவலை லே, லடாக் ஆட்களுக்குரியது. இப்படி ஒரு நம்பிக்கை உண்டு.

வரைபடம் இதை ஆமோதிக்கும். புதுக்கோட்டைச் சாலையில் உள்ள திருச்சி விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 88 மீட்டர் உயரம்தான். ஆனால் விமானம் பார்ப்பது காற்றின் அடர்த்தியை. சூடானால் காற்று மெலியும். இறக்கை, சுழலி, எஞ்சின் மூன்றுமே சோர்ந்துபோகும். மே மாதத்தில் 40 டிகிரி அடிக்கும் மதியத்தில், சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கும் புதுக்கோட்டைப் பொட்டல், விமானத்தின் கணக்கில் 1,000 மீட்டரைத் தாண்டிவிடும். கிட்டத்தட்ட கொல்லிமலையின் மேலே நிற்பது மாதிரி. விமானிகள் இதை 'அடர்த்தி உயரம்' என்பார்கள்.

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கை விமானம் முழு எடையோடு, கடல் மட்டத்தில், மிதமான வெப்பத்தில் கிளம்பி 15 மீட்டர் உயரத் தடையைத் தாண்ட ஏறத்தாழ 500 மீட்டர் வேண்டும். பிரிட்டிஷ் விமானத் துறையின் கைக்கணக்குப்படி ஒவ்வொரு 10 டிகிரி கூடுதல் வெப்பத்துக்கும் 10 சதவீதம், உலர்ந்த புல்தரைக்கு 20 சதவீதம், கடைசியில் பாதுகாப்புக்காக 33 சதவீதம் சேர்க்க வேண்டும். கூட்டுவதல்ல, ஒன்றின்மேல் ஒன்றாகப் பெருக்குவது. 40 டிகிரியில் விடை 1,000 மீட்டரைத் தாண்டுகிறது. நிலம் வாங்கிய பிறகு இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் பாவம்.

மழைக்காலத்து ஈரக் காற்று கனமானது, அது விமானத்தை நன்றாகத் தாங்கும் என்பதும் தவறு. நீராவி உலர்ந்த காற்றைவிட லேசானது. வெப்பம் அளவுக்கு இல்லாவிட்டாலும், ஈரப்பதமும் காற்றை மெலியத்தான் செய்கிறது.

சரிவான ஓடுதளமே ஆகாது என்பவர்களுக்கு நேபாளத்தின் லுக்லாவைக் காட்டலாம். 1964-இல் எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியில் உருவானது. உயரம் சுமார் 2,845 மீட்டர், ஓடுதளம் 527 மீட்டர், சரிவு ஏறக்குறைய 12 சதவீதம். மேட்டை நோக்கி இறங்கினால் சரிவே பிரேக்; பள்ளத்தை நோக்கிப் பறந்தால் சரிவே உந்துதல். ஆனால் ஒருமுறை இறங்கத் தொடங்கினால், திரும்பிப் போக அங்கே வழியில்லை.

உயரத்திலும், கடல் மட்டத்தில் வேகமானி காட்டும் அதே எண்ணில்தான் இறங்க வேண்டும். மெலிந்த காற்றில் தரையோ அதைவிட வேகமாக ஓடிவரும்: 3,256 மீட்டர் உயரத்து லேயில் சுமார் ஆறில் ஒரு பங்கு அதிகம். கண்ணை நம்பி வேகத்தைக் குறைப்பவர் இறக்கையின் பிடிப்பை இழப்பார்.

புதுக்கோட்டைக்கு ஒரு மாற்று உண்டு. விடியற்காலையில் வெப்பம் 27 டிகிரிக்குக் குறைந்தால் அந்தக் 'கொல்லிமலை' ஏறக்குறைய பாதியாகிவிடும். சிக்கல் ஒன்றுதான்: விரலிமலைப் பக்கத்து மயில்கள் வெட்டவெளியில் மேய வருவதும் அந்த நேரத்தில்தான், அவற்றை விரட்டத் துப்பாக்கியைத் தூக்கவும் சட்டம் விடாது.