ஆட்கொள்ளப்பட்டார்க்கு வரும் துன்பமும் பயனும்

உலகியலை விடுத்துச் சிவத்தொண்டிற் புகுந்தார்க்குத் துன்பம் வருவது ஏன், அத்துன்பத்தினூடே அவர் எய்தும் பயன் யாது என்னும் இரு வினாக்கள் சைவ நன்மக்களிடை அடிக்கடி எழுவன. தொண்டர் துன்புறக் கண்டு, 'இவர்க்குத் திருவருள் வாய்த்திலது' என்பர் ஒருசாரார். 'துன்புறுதலே திருவருட்கு அடையாளம்' என்பர் மற்றொருசாரார். இவ்விரு கூற்றும் சித்தாந்தத்தோடு ஒவ்வாமையை ஈண்டு ஆராய்வாம்.

தொண்டிற்கு அழைக்கப்படுதலை நம் நூல்கள் உயிரின் முயற்சி மாத்திரையாகக் கொள்வதில்லை. இருவினையொப்பும் மலபரிபாகமும் வாய்த்த பருவத்துச் சத்திநிபாதம் நிகழ, இறைவன் குருவடிவாய் வந்து ஆட்கொள்கின்றான் என்பதே துணிபு. அழைப்பவன் அவன், உடன்படுதலே உயிரின் பங்கு. அவ்வழைப்பு இனியதாகவே தொடங்கும் என்னும் நியதியும் இல்லை. சுந்தரமூர்த்தி சுவாமிகளைப் புத்தூர் மணப்பந்தரிலே தடுத்தமையும், திருநாவுக்கரசு சுவாமிகளைச் சூலைநோய் தந்து மீட்டமையும் அதற்குச் சான்றாம்.

அற்றேல், ஆட்கொள்ளப்பட்ட பின்னரும் துன்பம் தொடர்வது எற்றுக்கு எனின், கூறுதும். தீக்கையால் சஞ்சிதவினை எரிக்கப்படும். பிராரத்தமோ உடலூழாய் நின்று நுகர்ந்தே கழிவது. ஆகவே தொண்டர்க்கு வரும் பசியும் பிணியும் பழிச்சொல்லும், அருள் இன்மைக்கும் சான்றாகா. அருள் உண்மைக்கும் சான்றாகா. அவை உடம்பெடுத்தார் யாவர்க்கும் பொது. வேறுபாடு நுகர்ச்சியில் இல்லை; நுகரும் முறையிலேயே உள்ளது. 'யான் துன்புற்றேன்' என்று நுகர்வானுக்கு ஆகாமியம் ஏறுகின்றது. 'அவன் பணியில் இது நேர்ந்தது' என்று நுகர்வானுக்கு அஃது ஏறுவதில்லை.

சேலம் நாட்டு ஆத்தூரில் எழுந்தருளிய பெருமானது திருநாமம் இப்பொருளை நன்கு விளக்கும். வசிட்டநதியை ஒட்டிய பேளூர், ஏத்தாப்பூர், ஆத்தூர், ஆறகழூர், கூகையூர் என்னும் ஐந்தினையும் முறையே நிலம், நீர், தீ, வளி, வெளி என்னும் ஐம்பூதத் தலங்களாகப் போற்றுவர். அவற்றுள் தீக்குரியது ஆத்தூர். ஆங்குள்ள இறைவன் காயநிர்மலேசுவரர். காயம் என்பது உடம்பு. நிர்மலம் என்பது மாசின்மை. மலம் பற்றியது உயிரையன்றோ, காயத்தை நிர்மலமாக்குதல் எங்ஙனம் எனின், உயிர் வினைப்பயனை நுகர்ந்து கழித்தற்கும் பணி செய்தற்கும் வாயில் உடம்பே ஆதலின் அங்ஙனம் கூறுதல் அமையும். 'யான், எனது' என்னும் செருக்கிற்குக் கருவியாய் நின்ற அவ்வுடம்பே, செருக்கு ஒடுங்கியவழி இறைபணிக்குக் கருவியாகின்றது. நீங்குவது மாசு, காயமன்று.

இனி இதனை நம் சந்தான குரவர் வரலாற்றில் வைத்துக் காண்பாம். அருணந்தி சிவாசாரியார் சகலாகம பண்டிதர் எனப் பேர்பெற்ற முதியவர். அவர் இளங்குழவியாகிய மெய்கண்ட தேவரிடஞ் சென்று ஆணவமலத்தின் இயல்பை வினவ, தேவர் விடை கூறாது அவரையே முடி முதல் அடிகாறும் நோக்கினார் என்பது மரபு. கற்றார்க்கு நேரும் பெருந்துன்பம் இதுவே. பொருளை இழத்தல் எளிது. புலமைச் செருக்கை இழத்தல் அரிது. அதனை இழந்தபின்னரே சிவஞானசித்தியார் நமக்குக் கிடைத்தது.

தில்லைவாழந்தணருள் ஒருவராய்ப் பல்லக்கிற் சென்ற உமாபதி சிவாசாரியார், மறைஞான சம்பந்தரைக் குருவாகக் கொண்டமையால் தம் குலத்தாராற் புறத்தாக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் வைகினார் என்ப. கூத்தப்பெருமானைப் பூசிக்கும் உரிமை பிறப்பால் உடையவர்க்கு, அவ்வுரிமை பறிபோதலினும் பெரிய இழப்பு யாது? ஆயினும் 'பூசை என்னுடையது' என்னும் பற்றும் உடன்நீங்கிற்று. சகம் 1235, அஃதாவது கி.பி. 1313ஆம் ஆண்டைத் தன்னகத்துக் குறிக்கும் சங்கற்ப நிராகரணம் உள்ளிட்ட அவர் நூல்கள், இழப்பினால் மனங்கசந்தார் ஒருவர் எழுதியன அல்ல என்பது கற்பார்க்குப் புலனாம்.

அண்மைக் காலத்திற்கு ஆறுமுக நாவலர் (1822–1879) சான்றாவர். வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் வேதனம் பெற்று ஆசிரியப்பணி புரிந்த அவர், 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, அவ்வேதனத்தைத் துறந்தார், இல்லறமும் புகுந்திலர். மறுசமயத்தாரோடன்றித் தம் சமயத்தாரோடும் வாதிட நேர்ந்தது. 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்னும் பட்டம் அளித்தது; 1864இற் சிதம்பரத்தும் வித்தியாசாலை எழுந்தது. இவற்றைப் பயன் என எண்ணுவார் உளர். பட்டமும் கட்டடமும் புறத்தன. தம் உழைப்பைத் தமக்கெனக் கொள்ளாது ஈந்துவிடும் நிலை அவர்க்கு வாய்த்ததே, அதுவே பயன் என்பது எம் கருத்து.

ஆகவே, துன்பம் விலையாகவும் இன்பம் அதற்கீடாகப் பெறும் பொருளாகவும் கொள்ளுதல் வணிகர் வழக்கு, தொண்டர் வழக்கன்று. சிவஞானபோதம் பத்தாஞ் சூத்திரத்துக் கூறப்படும் இறைபணி நிற்றலே பயனாம். செய்வானும் செய்விப்பானும் வேறென்னும் மயக்கம் ஒழிய, பணி நடக்கின்றது, பாரம் குறைகின்றது.

மடங்களில் மாணாக்கரை ஏற்கும் பெரியோர்க்கு ஒன்று விண்ணப்பித்துக் கொள்கின்றோம். வருபவன் எத்துணை நோன்பு தாங்குவான் என்பதைமட்டும் ஆராய்தல் போதாது. தாங்கிய நோன்பைத் தானே எடுத்துப் பேசுகின்றானா, மறந்துவிடுகின்றானா என்பதே ஆராயத்தக்கது. பேசுபவன் இன்னும் காத்திருக்கட்டும். அவனை இகழவும் வேண்டா, பருவம் வரும். இல்லறத்தில் நின்று கோயிற்பணியோ கல்விப்பணியோ புரிவார்க்கும் இதுவே உரைகல். இன்று செய்த பணியை மாலையில் எண்ணிப் பார்க்குங்கால், அதிற் பட்ட பாடு முன்வந்து நிற்கின்றதா, பணிகொண்டவன் திருவடி முன்வந்து நிற்கின்றதா என்று தம்மைத் தாமே வினவிக் கொள்வாராக.

திருச்சிற்றம்பலம்.