இரைப்பைப் புண்ணும் இருதய மாத்திரையும்



மாரடைப்பு கண்டபின் நாள்தோறும் ஆஸ்பிரின் உட்கொண்டு வரும் ஒருவருக்கு இரைப்பையில் புண் உண்டாகி இரத்தம் கசியுமானால், அம்மாத்திரையை அடியோடு விட்டுவிடுவதுதானே விவேகம் என்று கேட்டிருக்கிறாய். கேட்டவுடன் நியாயமாகத் தோன்றும் இந்த யோசனையில் பெரும் அபாயம் இருக்கிறது.

வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டகிளாண்டின் என்னும் திரவியங்கள் உடலில் உற்பத்தியாகாதபடி ஆஸ்பிரின் தடுக்கிறது என்பதை 1971-இல் ஜான் வேன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி நிரூபித்தார். இரைப்பையின் உட்சுவரைச் சளிப்படலத்தால் போர்த்தி, அதன் சொந்த அமிலத்திலிருந்தே காப்பவையும் அத்திரவியங்களே ஆதலால், அவை குன்றியதும் வேலி பிடுங்கிய வயல்போல் அது சேதமடைகிறது. அன்றியும், இரத்தத் தட்டுகளை ஒட்டவிடாமல் மாரடைப்பைத் தடுக்கும் அதே குணம், புண்ணில் ஒழுகும் இரத்தத்தையும் எளிதில் உறையவிடுவதில்லை. குடலில் கரையும்படி மேற்பூச்சிட்ட மாத்திரையை வாங்கினால் தப்பிக்கலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். மருந்து இரத்தத்தில் கலந்தும் இரைப்பையைத் தாக்குவதால், அந்தப் பூச்சை நான் பெரிதாக நம்புவதில்லை.

அப்படியானால் நிறுத்துவதில் என்ன தவறு? ஹாங்காங் மருத்துவர்கள், எண்டாஸ்கோப் கருவியால் இரத்தப்போக்கை அடக்கிய 156 நோயாளிகளை இரு பிரிவாக்கி, எல்லோருக்கும் அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோலைக் கொடுத்து, ஒரு பிரிவுக்கு ஆஸ்பிரினைத் தொடர்ந்தும், மற்றதற்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரையைத் தந்தும் பார்த்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். மீண்டும் இரத்தம் கசிந்தது முதற்பிரிவில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு, மற்றதில் ஐந்து பேருக்கு. ஆனால் எட்டு வாரத்துக்குள் மாண்டவர்களோ முதற்பிரிவில் நூற்றுக்கு 1.3, நிறுத்தியவர்களில் 12.9. புண்ணுக்கு அஞ்சி விட்ட மருந்து இருதயத்தைக் காவலின்றி விட்டுவிட்டது!

ஆஸ்பிரினுக்குப் பதில் குளோபிடோக்ரெல் கொடுத்தாலும் பயனில்லை. முன்பே புண்ணில் இரத்தம் கசிந்தவர்களுக்கு ஈசோமெப்ரசோல் துணையோடு ஆஸ்பிரினே அதைவிடப் பத்திரமானது என்று அதே நகர மருத்துவர்கள் 2005-இல் காட்டினார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இரைப்பையில் குடியிருக்கிறதா என்று சோதித்து, இருந்தால் அதை ஒழிப்பதும் இச்சிகிச்சையில் இன்றியமையாத அங்கம். மாரடைப்போ பக்கவாதமோ ஒருபோதும் கண்டிராமல், வருமுன் காக்கவென்று மட்டும் ஆஸ்பிரின் விழுங்கி வந்தவர் விஷயம் வேறு. இரத்தம் கசிந்தபின் அவர் அதைத் தொடர வேண்டிய அவசியம் பெரும்பாலும் இராது.

உன் பாட்டனார் மாரடைப்புக்குப் பின் ஆஸ்பிரின் உண்பவராகையால், இரத்தக் கசிவின் அடையாளமாக மலம் கன்னங்கரேலென்று போனால் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல். மூட்டுவலிக்கென்று தாமாக, இரைப்பையை அதேபோல் புண்ணாக்கும் இபுபுரூஃபன் வாங்கிச் சேர்த்துக்கொள்கிறாரா என்றும் விசாரி.